வலி போன பிறகு எதற்கு ஸ்கேன்?

அன்புள்ள கவின்,

மருந்து ஒத்துக்கொண்டது, வயிற்று வலியும் போய்விட்டது, பிறகு எதற்கு எம்ஆர்ஐ என்று கேட்டிருந்தாய். எஸ்பிஎம் தேர்வுப் படிப்புக்கு நடுவில் குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஒரு நாள் அலைவது எரிச்சல்தான். ஆனாலும் போய் வா.

உனக்கு இருக்கும் குரோன் நோயில் வலியும் அழற்சியும் எப்போதும் ஒன்றாக அடங்குவதில்லை. வலி நின்ற பிறகும் புண் ஆறாமல் கிடக்கலாம். அது நீடித்தால் குடல் தழும்பேறிச் சுருங்கிவிடலாம். கேமரா விட்டுப் பார்த்தார்களே என்பாய். கொலனோஸ்கோப்பி பெருங்குடலையும் சிறுகுடலின் கடைசித் துண்டையும்தான் எட்டும், அதிலும் உட்பரப்பை மட்டுமே காணும். இந்த நோயோ குடல் சுவரின் முழுத் தடிமனையும் தாக்குவது. அறைக்குள் நிற்பவருக்குச் சுண்ணாம்பு தெரியும். சுவருக்குள் ஊறிய ஈரம் தெரியாது.

அழற்சி கண்ட குடல் சுவரில் உண்மையாகவே நீர் கோத்திருக்கும். எம்ஆர்ஐ அதைப் பளிச்சென்று காட்டும். விரிந்த நிலையில் 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய சுவர் தடித்திருக்கும். ரத்த ஓட்டம் கூடியிருப்பதால் ரத்தநாளத்தில் ஏற்றும் மருந்தை அதிகமாக உறிஞ்சும். தடிமன், உறிஞ்சல், நீர், புண் ஆகிய நான்கையும் சேர்த்து 2009இல் பார்சிலோனா மருத்துவர்கள் 'மரியா' என்ற மதிப்பெண்ணை வகுத்தார்கள். குடலின் ஒரு பகுதிக்கு 7 அல்லது அதற்கு மேல் வந்தால் அங்கே நோய் விழித்திருக்கிறது. 11ஐத் தொட்டால் கடுமை.

ஸ்கேனுக்கு முன் ஒரு லிட்டருக்கும் மேல் ஒரு திரவம் தருவார்கள். அதைப் பாதியில் வைத்துவிடாதே. சுருங்கிக் கிடக்கும் குடல், நோயில்லாமலே தடித்ததுபோலத் தெரியும், படம் வீணாகிவிடும். பிறகு வயிற்றுப்போக்கு வரலாம். உடனே பேருந்து ஏறாதே.

சிடி ஸ்கேனும் இவற்றைக் காட்டும், விரைவாகவும் முடியும். ஆனால் உனக்குப் பதினேழு வயது. இன்னும் பலமுறை படம் எடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் கதிர்வீச்சு வேண்டாமே. அல்ட்ராசவுண்டில் அந்தக் கவலை கிடையாது, கிளினிக்கிலேயே பார்த்துவிடலாம். இருந்தாலும் நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அளக்க எம்ஆர்ஐதான் மேல் என 2018இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. படத்துக்கும் எல்லை உண்டு: தழும்பையும் அழற்சியையும் சில இடங்களில் பிரித்தறிய முடியாது, குடல் காசநோயும் இதே தோற்றம் தரும். அதனால்தான் ரத்தம், மலம், திசு என்று மற்ற சோதனைகளும்.

இது வெள்ளைக்காரர் நோய், நமக்கு வராது என்று பாட்டி சொல்கிறாராம். பேராக் கிந்தா பள்ளத்தாக்கில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், குரோன் உள்ளிட்ட குடல் அழற்சி நோய்கள் மலாய்க்காரர், சீனர்களைவிட இந்தியர்களிடமே அதிகம் காணப்பட்டன. அவரிடம் இதைப் பொறுமையாகச் சொல்.

பழைய ஸ்கேன் அறிக்கையை மறக்காமல் எடுத்துப் போ. சுவர் மெலிந்திருக்கிறதா, நீர் வற்றியிருக்கிறதா என்று டாக்டரிடம் நீயே கேள். அவர் சொல்லும்வரை மருந்தை நிறுத்தாதே.

அன்புடன்,
மாமா