நூலகர் படிக்கிறார்

1924ஆம் ஆண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் ஒரு கணக்கு ஆசிரியர் இருந்தார். பெயர் அரங்கநாதன். சீர்காழிக்காரர். 1892இல் பிறந்தவர். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவதில் அவருக்கு மிகவும் விருப்பம். ஆனால் சம்பளம் குறைவு.

அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகர் வேலை காலியாக இருந்தது. அதற்குச் சம்பளம் கூடுதல். விண்ணப்பம் போட்டார். வேலையும் கிடைத்தது.

நூலக வேலை பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. நேர்முகத் தேர்வுக்குச் சில நாள் முன்பு ஒரு கலைக்களஞ்சியத்தை எடுத்தார். அதில் நூலகம் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. அதைப் படித்தார். அவ்வளவுதான்.

வேலையில் சேர்ந்தார். சில வாரங்களிலேயே சலித்துப் போனார். வகுப்பில் பிள்ளைகள் இருந்தார்கள், பேச்சு இருந்தது. இங்கே தனிமைதான் இருந்தது. “எனக்கு இந்த வேலை வேண்டாம். பழைய வேலையே போதும்” என்று போய்க் கேட்டார்.

பல்கலைக்கழகத்தார் ஒரு யோசனை சொன்னார்கள். “லண்டனுக்குப் போங்கள். அங்கே நூலகங்கள் எப்படி நடக்கின்றன என்று பாருங்கள். படித்துவிட்டு வாருங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் கணக்கு ஆசிரியர் வேலைக்கே திரும்பலாம்.”

அரங்கநாதன் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 32. மற்றவர்களுக்குப் பாடம் சொன்னவர் மறுபடியும் மாணவர் ஆனார். லண்டனில் படித்தார். இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைப் போய்ப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் மக்கள் கூட்டம். தொழிலாளிகள் வந்தார்கள். பெண்கள் வந்தார்கள். குழந்தைகள் வந்தார்கள். அவர் மனம் மாறியது.

ஒரு நாள் ஒரு பெரிய கடைக்குப் போனார். அங்கே ஒரு விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சின்னச் சின்ன உலோகப் பட்டைகள், திருகாணிகள், சக்கரங்கள். அவற்றைச் சேர்த்தால் ஒரு வண்டி. கழற்றி வேறு விதமாகச் சேர்த்தால் ஒரு பாலம். அதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. புத்தகங்களுக்கு எண் கொடுப்பதையும் இப்படிச் செய்தால் என்ன?

ஒரு புத்தகம் எதைப் பற்றியது? நெல்லைப் பற்றியது. நெல்லில் எதைப் பற்றி? நோயைப் பற்றி. எந்த ஊரில்? தமிழ்நாட்டில். ஒவ்வொரு விடைக்கும் ஒரு துண்டு. துண்டுகளைச் சேர்த்தால் அந்தப் புத்தகத்தின் எண். துண்டுகளைச் சேர்க்க இரண்டு புள்ளிக் குறியைப் பயன்படுத்தினார். ஆங்கிலத்தில் அந்தக் குறிக்குக் கோலன் என்று பெயர். அதனால் அவர் முறைக்குக் ‘கோலன் பகுப்பு’ என்று பெயர் வந்தது. அது 1933இல் நூலாக வெளிவந்தது.

கணக்கு ஆசிரியர் வேலைக்கு அவர் திரும்பவில்லை. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்.

1931இல் அரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார். புத்தகம் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கு என்பது அவர் கருத்து. ஒவ்வொருவருக்கும் ஏற்ற புத்தகம் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு புத்தகமும் தனக்குரிய வாசகரிடம் போய்ச் சேர வேண்டும். படிக்க வருபவரின் நேரம் வீணாகக் கூடாது. ஐந்தாவது விதிதான் நம் பாடத்துக்கு மிகவும் வேண்டியது. நூலகம் உயிருள்ளது, அது வளரும் என்றார். வளரும் என்றால் மாறவும் செய்யும் அல்லவா?

அதே 1931இல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் ஒரு புதுமை நடந்தது. கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூலகம் அமைத்தார். புத்தகங்களை ஏற்றிக்கொண்டு வண்டி ஊர் ஊராகப் போனது. நூலகத்துக்கு வர முடியாதவரிடம் நூலகமே வந்தது.

அரங்கநாதன் பிற்காலத்தில் பெங்களூரில் குடியேறினார். 1962இல் அங்கே நூலகர்களுக்கு ஒரு பயிற்சி மையத்தைத் தொடங்கினார். அது இந்தியப் புள்ளியியல் கழகத்தைச் சேர்ந்தது. இன்றும் மைசூர் சாலையில் இருக்கிறது. 1972இல் அரங்கநாதன் பெங்களூரிலேயே காலமானார். அவர் பிறந்த நாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12, இந்தியாவில் நூலகர் தினம்.

அதே பெங்களூரில் இன்று ஒரு பள்ளி நூலகர் என்ன படிக்க வேண்டியிருக்கிறது?

அல்சூர் பக்கம் ஒரு பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் உண்டு. கன்னடம் பேசும் பிள்ளைகள் உண்டு. உருது, தெலுங்கு பேசுபவர்களும் உண்டு. நூலகர் ஒரு பெண். வயது 50. புத்தகத்தைத் தைப்பார், ஒட்டுவார், எண் எழுதுவார். எந்தப் பிள்ளைக்கு எந்தக் கதை பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். கணினி என்றால் மட்டும் பயம்.

இவருக்காவது நூலகர் என்ற வேலை இருக்கிறது. நம் நாட்டில் பல பள்ளிகளில் அந்த வேலையே கிடையாது. ஏதாவது ஓர் ஆசிரியரிடம் அலமாரிச் சாவி இருக்கும். அவர் விடுப்பில் போனால் அலமாரி திறக்காது.

2020 மார்ச் மாதம் வந்தது. கொரோனா நோய் பரவியது. பள்ளிகளை மூடினார்கள். நூலகமும் மூடியது. புத்தகங்கள் உள்ளே, பிள்ளைகள் வெளியே.

அப்போதுதான் நூலகர்கள் பலர் முதல் முறையாக இணையத்தை நாடினார்கள். இணையம் என்றால் என்ன? உலகத்தில் உள்ள கணினிகளையும் செல்போன்களையும் ஒன்றோடு ஒன்று இணைக்கும் வலை. ஓர் இடத்தில் வைத்த கதையை வேறு இடத்தில் இருந்து படிக்கலாம்.

பெங்களூரில் பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம் இருக்கிறது. 2004இல் தொடங்கியது. குழந்தைகளுக்குக் குறைந்த விலையில் பல மொழிகளில் புத்தகம் தருவது அதன் நோக்கம். 2015 செப்டம்பர் 8ஆம் தேதி அது இணையத்தில் ஒரு கதைக் களஞ்சியத்தைத் திறந்தது. செப்டம்பர் 8 உலக எழுத்தறிவு நாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். களஞ்சியத்தின் பெயர் ஸ்டோரிவீவர். கதை நெய்பவர் என்று பொருள். இன்று அதில் 300க்கும் மேற்பட்ட மொழிகளில் கதைகள் இருக்கின்றன. தமிழும் உண்டு, கன்னடமும் உண்டு. படிக்கக் காசு வேண்டாம்.

நம் நூலகர் அதைத் திறக்கிறார். முதலில் மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழைத் தொடுகிறார். பிறகு படியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்தம் நான்கு படிகள். முதல் படியில் பெரிய படம், கொஞ்சம் சொற்கள். நான்காம் படியில் நீளமான கதை. படிகளைப் பார்த்ததும் அவருக்குப் பயம் பாதி போகிறது. அலமாரியில் அவர் இத்தனை நாள் செய்த வேலையும் இதுதானே! சின்னப் பிள்ளைகளுக்குக் கீழ்த்தட்டு, பெரிய பிள்ளைகளுக்கு மேல்தட்டு.

பிறகு இன்னொன்றைக் கண்டுபிடிக்கிறார். ஒரே கதை தமிழிலும் இருக்கிறது, கன்னடத்திலும் இருக்கிறது. படம் ஒன்றுதான், எழுத்துத்தான் வேறு. இரண்டையும் அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். தமிழ்ப் பிள்ளை கன்னடம் கற்கும். கன்னடப் பிள்ளை தமிழ் எழுத்தை எட்டிப் பார்க்கும். பெங்களூர் போன்ற ஊருக்கு இதைவிட நல்ல பாடப் பொருள் கிடைப்பது அரிது.

கதையை நாமே மொழிபெயர்க்கவும் அதில் வழி உண்டு. முதலில் நம் பெயரைப் பதிய வேண்டும். பிறகு மூலக் கதையைப் பார்த்துக்கொண்டே நம் மொழியில் எழுதலாம். நூலகருக்குத் தமிழ்த் தட்டச்சு தெரியாது. என்ன செய்வார்? பேசினால் எழுதிக்கொள்ளும் வசதி இருக்கிறது. கூகுள் நிறுவனம் 2017இல் தமிழுக்கும் அதைக் கொண்டு வந்தது. ஆனால் இயந்திரம் கேட்டதை எல்லாம் சரியாக எழுதிவிடாது. ‘பழம்’ என்று சொன்னால் ‘பலம்’ என்று எழுதிவிடலாம். ‘வாழை’ என்பது ‘வாளை’ ஆகிவிடலாம். வாழை மரம், வாளை மீன். கதையே மாறிப் போகும்! அதனால் எழுத்துத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்கத்தான் வேண்டும்.

அடுத்தது பாடப் புத்தகம். உங்கள் வீட்டுப் பிள்ளையின் பாடப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரம் இருக்கலாம். எறும்புகள் சிதறியது போல் தெரியும். அதற்குக் கியூஆர் குறி என்று பெயர். அது ஒரு முகவரி. செல்போனின் கேமராவை அதன் முன் காட்டினால் அந்தப் பாடத்துக்கான படமோ பயிற்சியோ திறக்கும். தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பாடநூல்களில் இந்தக் குறி இருந்தது. இதன் பின்னால் தீக்ஷா என்ற இணைய மேடை இருக்கிறது. மத்திய அரசு 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று அதைத் தொடங்கியது. அதற்கான மென்பொருள் பெங்களூரில் உள்ள ஏக்ஸ்டெப் நிறுவனத்தில் உருவானது.

இவ்வளவும் கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது ஒரு சிறுமி நூலகரிடம் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“மிஸ், எங்க வீட்டுல ஒரே போன். அப்பா ஆட்டோ ஓட்டறார். காலையில எடுத்துட்டுப் போனா ராத்திரிதான் வருவார்.”

“ராத்திரி பார்க்கலாமே கண்ணு?”

“ராத்திரி அண்ணன் படிக்கிறான் மிஸ். நெட் தீர்ந்துடுது.”

இந்தச் சிறுமிக்கு 300 மொழிக் களஞ்சியத்தால் என்ன பயன்?

2020இல் கர்நாடக அரசு இந்தக் கேள்வியைச் சந்தித்தது. ஆகஸ்ட் மாதம் ‘வித்யாகமா’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளைகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். போனே இல்லாதவர்கள். சாதாரண போன் இருந்தும் இணையம் இல்லாதவர்கள். இணையம் உள்ள போன் இருப்பவர்கள். ஆசிரியர்கள் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே போனார்கள். மரத்தடியிலும் திண்ணையிலும் பாடம் நடந்தது. நோய் பயத்தால் அக்டோபரில் அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. போன் இல்லாத பிள்ளைகளுக்குத்தான் அதனால் பெரிய இழப்பு.

அந்த ஆண்டு பிரதம் புக்ஸும் ஒரு வழி செய்தது. ஓர் எண்ணுக்குத் தவறிய அழைப்பு கொடுத்தால் திரும்ப அழைப்பு வரும். ஒரு கதை கேட்கலாம். பொத்தான் போனே போதும். காசும் இல்லை.

நம் நூலகர் என்ன செய்யலாம்? களஞ்சியத்தில் இருந்து கதையை இறக்கி அச்சடிக்கலாம். நடுவில் மடித்துத் தைத்தால் ஒரு சின்னப் புத்தகம். தைப்பதுதான் அவருக்குக் கைவந்த கலை ஆயிற்றே! அந்தச் சிறுமி அதைப் பையில் வைத்து எடுத்துப் போவாள். வாசலில் உட்கார்ந்து தம்பிக்குப் படித்துக் காட்டுவாள். அதற்கு மின்சாரம் வேண்டாம்.

அச்சடிக்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணையத்தில் இருக்கிறது என்பதாலேயே எல்லாம் பொதுச் சொத்து ஆகிவிடாது. ஸ்டோரிவீவர் கதைகளைப் பகிரலாம், அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம் என்று வெளியிட்டவர்களே உரிமை தந்திருக்கிறார்கள். ஆனால் எழுதியவர் பெயரையும் படம் வரைந்தவர் பெயரையும் விடாமல் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் எத்தனையோ புத்தகங்களுக்கு அப்படி யாரும் உரிமை தரவில்லை. கடையில் விற்க வேண்டிய புத்தகத்தை யாரோ படம் பிடித்து அனுப்பியிருப்பார்கள். எழுதியவருக்கு வர வேண்டிய கூலி போய்விடும். நூலகர் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பதிவு செய்யும்போது போனுக்கு ஒரு ரகசிய எண் வரலாம். அதை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. “பள்ளியில் இருந்து பேசுகிறேன்” என்று சொல்லிக் கேட்டாலும் கூடாது.

இதையெல்லாம் நூலகருக்கு யார் கற்றுத் தருவது? சில இடங்களில் பயிற்சி வகுப்பு உண்டு. பல இடங்களில் இல்லை. அங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் ஆசிரியர்கள்! “மிஸ், இங்க தொடுங்க. இல்ல, ரெண்டு தடவ தொடாதீங்க” என்று சொல்லித் தருவார்கள். நூலகர் மறந்துவிடாமல் இருக்க ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். முதல் பக்கத்தில் ‘மொழி’ என்று எழுதி ஓர் அம்புக்குறி. அடுத்து ‘படி’ என்று எழுதி இன்னொரு அம்புக்குறி.

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊர் நூலகம் எந்த நேரத்தில் திறந்திருக்கிறது? வேலைக்குப் போகிறவர்கள் அந்த நேரத்தில் போக முடியுமா? உங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் படிக்கப் போன் கிடைக்கிறது? கிடைக்காத வீடுகளுக்குப் புத்தகம் எப்படிப் போய்ச் சேரும்?

எழுதிப் பாருங்கள்

உங்கள் பாட்டி சொன்ன ஒரு கதையை எட்டு வரியில் எழுதுங்கள். அதை ஒரு பிள்ளையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.