சொல் அறிவோம்: டிஸ்பேரேஜ்

வழக்கறிஞர் நோட்டீசுகளில் ‘டிஸ்பேரேஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் காண்கிறோம். பிறரையோ, பிறர் சரக்கையோ மட்டம் தட்டிப் பேசுதல் என்பது இதன் பொருள். பழைய பிரெஞ்சு மொழியில், தகுதிக்குக் குறைந்த இடத்தில் மணம் முடித்தலை இச்சொல் குறித்தது. ‘பார்’ என்ற இலத்தீன் வேருக்குச் சமம் என்று பொருள். ஆக, சமமானவரைக் கீழே இறக்குவதே இதன் உட்கருத்து.

வணிகர்களாகிய நாம் இதை ஏன் அறிய வேண்டும்? 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இச்சொல் உள்ளது. பொய்யான அல்லது திசைதிருப்பும் செய்தியைச் சொல்லிப் பிறர் பொருளையோ, சேவையையோ, தொழிலையோ இழிவுபடுத்துவது முறையற்ற வணிகமாகும்.

துணிக்கு இடும் நீலம் பற்றிய விளம்பர வழக்கொன்றில், 1990களின் இறுதியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் எல்லையைத் தெளிவாக்கியது. ‘எம் சரக்கே உயர்ந்தது’ எனலாம், ஒப்பிட்டும் காட்டலாம், ‘அவர் சரக்கு மோசம்’ எனலாகாது.

‘அடுத்த கடைப் பருப்பு கலப்படம்’ என்று கல்லாவில் விளையாட்டாகச் சொல்வதும் வழக்காக முடியலாம். நம் கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லி வைப்போம். நம் சரக்கின் தரத்தைப் பேசுவோம், அதுவே போதும்.