பேஸ்மெண்ட் முதல் பால் காய்ச்சும் வரை

பழவேற்காட்டில் வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்களில் சொந்த மனை உள்ளவர்களும் உண்டு. கையில் பட்டா இருக்கும். மனையில் நின்ற குடிசையைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் பெயர் வந்திருக்கும். புது வீடு எழும்பும்வரை பெண்டு பிள்ளைகளோடும் வலை, ஐஸ் பெட்டியோடும் ஒதுங்க ஓர் இடம் வேண்டும்.

கடைத்தெருவை ஒட்டிய சந்தில் இரண்டு போர்ஷன் வைத்திருக்கும் ஒரு வீட்டுக்கார அம்மாள் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கே வீடு விடுகிறார். வாடகையை நம்பித்தான் அவர் வீட்டிலும் அடுப்பு எரிகிறது. அதனால் குடிவருகிறவர்களுக்கு எந்தப் பணம் எப்போது கைக்கு வரும் என்பது அவருக்கு மனப்பாடம்.

2024இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். மொத்தமாகக் கையில் தருவதில்லை. பேஸ்மெண்ட், லிண்டல், மேல்தளம், வேலை முடிவு என்று கட்டம் கட்டமாகத்தான் பயனாளியின் வங்கிக் கணக்கில் ஏறும். நடுவில் எங்காவது சிக்கினால் வாடகை வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள்: “அக்கா, லிண்டலு வரைக்கும் ஏத்திட்டோம். போட்டோ எடுத்துக்கினு போய்ட்டாங்க. பணம்தான் இன்னும் ஏறல.”

அந்தத் தவணைப் பணத்தில் வீட்டுக்காரர் கை வைக்கக் கூடாது என்பதில் அம்மாள் கறார். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்காரர் பேஸ்மெண்ட் பணம் ஏறிய அன்றே பழைய பாக்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கொத்தனாருக்குக் கொடுக்கக் காசில்லை. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். சுவர் அப்படியே நிற்க, ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. குடியிருந்தவர்கள் காலி செய்ய வழியில்லாமல் தங்கிவிட, வாங்கிய பாக்கியைவிடப் பெரிய பாக்கி சேர்ந்தது. சுவர் உயர்ந்தால்தான் வீடு காலியாகும் என்பது அந்த வீட்டுக்காரருக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்படியானால் வாடகை எங்கிருந்து வரும்? இங்கே ஒன்றாம் தேதி வாடகை என்ற பேச்சு எடுபடாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் ஏரிக்குள் யார், எங்கே, எந்த நாளில் வலை கட்டலாம் என்பதைத் தலைக்கட்டுக் கணக்கில் முறைவைத்துப் பிரிக்கும் பாடு முறை உண்டு. பாடு கிடைத்து, இறாலும் விழுந்தால் கையில் காசு புழங்கும். முகத்துவாரத்தில் மணல் மூடினால் கடலுக்குப் போகிறவர்களுக்கும் வருமானம் இல்லை. ஆகவே அம்மாள் வாடகையை இரண்டாக உடைத்துவிட்டார். ஒரு பங்கு, மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வரும் 15ஆம் தேதியை ஒட்டி. அதை வீட்டுப் பெண்ணிடமே வாங்குகிறார். மறு பங்கு பாடு பார்த்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் அரை வாடகைதான் கேட்கிறார். தடைக்கால நிவாரணம் வந்ததும் மீதியைக் கழித்துக்கொள்வது ஏற்பாடு. 5,000 ரூபாயாக இருந்த அந்த நிவாரணத்தை 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் முதலமைச்சர் அறிவித்த பிறகு இந்தக் கழிவு கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது.

வாடகைக்கு அரசே கைகொடுக்கும் வழக்கமும் உண்டு. அமெரிக்காவில் 1974இல் வந்த ‘செக்‌ஷன் 8’ உதவியில், குடியிருப்பவர் தம் வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தைக் கொடுக்க, மிச்ச வாடகையை அரசு முகமை நேரே வீட்டுக்காரருக்கு அனுப்புகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டும்போது, வெளியே தங்கும் குடும்பங்களுக்கு 24,000 ரூபாய் கருணைத் தொகை தருகிறது. குடிசையைப் பிரித்துவிட்டு நிற்கும் குப்பத்துக் குடும்பத்துக்கு மட்டும் அந்த இடைக்காலம் கணக்கில் வராமல் போனது நியாயமாகப் படவில்லை.

ஊர்ப் பெரியவர் வாக்கு போதும் என்றுதான் இங்கே பலரும் வீடு விடுகிறார்கள். அந்த வாக்குக்கு மரியாதை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனாலும் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. அம்மாள் எழுதி வாங்கும் தாளில் வாடகையைவிட முற்றத்துக்குத்தான் வரிகள் அதிகம்: வலை எந்தக் கொடியில் காயும், எஞ்சினை எந்த மூலையில் வைப்பது, கருவாடு மாடியிலா வாசலிலா, உப்புத் தண்ணீர் சொட்டும் கூடையைச் சுவரோரம் வைக்கலாமா. சண்டை இங்கே இவற்றில்தான் வரும். மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமாக ஒரு விலை வைத்து, அரசு தரும் 100 இலவச யூனிட்டுக்கும் சேர்த்து வசூலிக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. அம்மாள் அட்டையில் உள்ள ரீடிங்கைக் காட்டிப் பங்கு பிரிக்கிறார்.

அட்வான்ஸ் விஷயத்தில் மட்டும் அவர் ஊர் வழக்கத்துக்கு நேர் எதிர். கடைசித் தவணை வேலை முடிந்த பிறகே வரும் என்பதால் கதவு, ஜன்னல், பூச்சுக்குப் பணமில்லாமல் திணறுவது கடைசிக் கட்டத்தில்தான். மேல்தளம் போட்டுச் சென்ட்ரிங் பிரித்ததும் அட்வான்ஸில் பாதியைக் கையில் கொடுத்துவிடுகிறார். பால் காய்ச்சும் தேதியை ஒப்பந்தத் தாளின் பின்பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். மீதிப் பாதி, சாவி கைக்கு வந்து, கரண்ட் கணக்கும் முடிந்த பிறகு.