ஊட்டிக் கிழங்கின் செம்மண்: வணிகர் அறிய வேண்டிய விதைத் தடைச் சட்டம்

செங்கல்பட்டிலும் மாமல்லபுரம் கடற்கரைச் சாலையிலும் கடை வைத்திருக்கும் நமது உறுப்பினர்களுக்கு ஊட்டி உருளைக்கிழங்கை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்ற ஊர்க் கிழங்கைவிடக் கிலோவுக்கு விலை கூடச் சொன்னாலும் நிற்காமல் போகிற சரக்கு அது. வாங்க வருபவர் தோலில் ஒட்டியிருக்கும் செம்மண்ணைப் பார்த்துத்தான் பொறுக்குகிறார். கழுவி வைத்தால் சந்தேகப்படுகிறார். வேறு ஊர்க் கிழங்கில் செம்மண்ணைப் புரட்டி விற்பவர்கள் உண்டு என்ற பேச்சுகூட நம் தொழிலில் அடிபடுகிறது. அந்தச் செம்மண்ணுக்குள் ஒரு சட்டப் பிரச்சினையும் ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

1961-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜோன்ஸ் என்ற நூற்புழு நிபுணர் உதகமண்டலத்துக்கு வந்தார். அங்கே விஜயநகரம் பண்ணையில் உருளைச் செடியின் வேரைப் பார்த்து, இந்தியாவில் அதுவரை அறியப்படாத முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டறிந்தார். 'தங்க நூற்புழு' என்றும் இதைச் சொல்வார்கள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் தோன்றி, விதைக் கிழங்கோடு உலகம் சுற்றிய உயிர் இது. பிற்பாடு கொடைக்கானல் மலையிலும் தென்பட்டது.

இதன் போக்கைக் கொஞ்சம் விரிவாகவே தெரிந்துகொள்வோம், சட்டத்தின் நியாயம் அதில்தான் இருக்கிறது. புழு கண்ணுக்குத் தெரியாது. பெண் புழு வேரில் தலையைப் புதைத்துச் சாற்றை உறிஞ்சிப் பருத்து, முட்டைகளை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு செத்துப்போகிறது. அதன் தோல் கெட்டிப்பட்டு ஒரு கூடாகிவிடுகிறது. கூட்டின் அளவு நம் கடையில் இருக்கும் கசகசா மணியில் ஏறக்குறைய பாதி. அதற்குள் 200 முதல் 500 முட்டைகள். வெயில், மழை, மருந்து எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு இருபது ஆண்டு வரைகூட மண்ணில் உயிரோடு கிடக்கும். உருளை வேரிலிருந்து கசியும் சாறு பட்டதும் முட்டை பொரிந்து புழு வெளியே வரும். நீலகிரியிலோ கோடை, கார், நீர்ப்பாசனம் என்று வருஷத்துக்கு மூன்று போகம் உருளை போடுகிறார்கள். புழுவுக்குப் பட்டினி என்பதே கிடையாது. தாக்குதல் முற்றிய நிலத்தில், போட்ட விதையின் எடைகூட விளைச்சலாகத் திரும்பி வராது.

மருந்தடித்து இதை ஒழித்துவிட முடியாது. முட்டைக்கோஸ், காரட், பீன்ஸ் என்று பயிரை மாற்றிப் போட்டால் குறைக்கலாம். மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் ஊட்டி முத்தோரைக் கிளையில் ஆராய்ச்சிகள் நடந்து, இந்தப் புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா என்ற ரகம் 1985-இல் வெளியிடப்பட்டது. இவ்வளவு செய்தும், புழு இல்லாத மண்ணுக்கு அது போகாமல் பார்ப்பதற்கு ஈடான வைத்தியம் இல்லை. ஆகவேதான் 1971-இல், நீலகிரி விதைக் கிழங்கு வெளி மாநிலங்களுக்குப் போவது தடை செய்யப்பட்டது.

தடைக்கு அடிப்படை, 1914-ஆம் ஆண்டின் அழிவு செய்யும் பூச்சிகள் மற்றும் கேடுகள் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தானே என்று அலட்சியம் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் விதை, பழம், பருப்பு எல்லாவற்றையும் சோதிக்கும் 2003-ஆம் ஆண்டு ஆணையும் இதன் கீழ் வந்ததுதான். சென்னைக்குச் சரக்கெடுக்கப் போகும்போது ஜி.எஸ்.டி. சாலையில் மீனம்பாக்கத்தில் நாம் கடந்து போகும் தாவர குவாரண்டைன் நிலையத்துக்கு இந்த வேலைதான். நம் மாகாணமும் பின்தங்கியிருக்கவில்லை. 1919-இலேயே பயிர்ப் பூச்சி, நோய்களுக்கென்று சென்னை மாகாணம் தனிச் சட்டம் இயற்றியது.

1914 சட்டத்தில் வணிகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பிரிவு உண்டு. தடை அறிவிக்கப்பட்ட பொருளை, ரயில் நிலையத்தில் சரக்கு, பார்சல் புக்கிங் செய்பவர் ஏற்க மறுத்தாக வேண்டும். சரக்கெல்லாம் ரயிலில் போன காலத்தில் எழுதப்பட்ட பிரிவு அது. இன்று லாரியிலும் பார்சல் சர்வீஸிலும் போகிறது. எனவே மூட்டை கட்டி ரசீது எழுதுகிறவரின் பொறுப்பு கூடியிருக்கிறது என்பதே நம் கருத்து.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தடை விதைக் கிழங்குக்கு, சமையல் கிழங்குக்கு அல்ல. மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து நமக்கு வரும் கிழங்கு சாப்பிடுகிற கிழங்கு. அதை வாங்கி விற்பதில் எந்தக் குற்றமும் இல்லை. தின்பவருக்கும் இந்தப் புழுவால் ஒரு கெடுதலும் கிடையாது. வாடிக்கையாளர் கேட்டால் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் சமையல் கிழங்கு முளைவிட்டால் அதுவே விதைக் கிழங்கு. அளவு சிறுத்து, முளைவிட்டு, விலை போகாமல் மூலையில் ஒதுக்கிய பொடிக் கிழங்கை 'விதைக்கு ஆகும்' என்று யாராவது மொத்தமாகக் கேட்டு வருவார். ஓசூர்ப் பக்கமோ, கர்நாடகத்துக் கோலார்ப் பக்கமோ நிலம் உள்ள உறவினருக்கு என்பார். அழுகப் போகிற சரக்குக்குக் காசு கிடைக்கிறதே என்று தோன்றத்தான் செய்யும். கொடுக்கக் கூடாது. நமக்குக் கிடைப்பது ஒரு மூட்டையின் பழைய விலை. அந்த நிலத்துக்குப் போவது இருபது வருஷத்து நஷ்டம்.

"நம் மாவட்டத்தில் நெல்லும் வேர்க்கடலையும்தானே, உருளை ஏது?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். செங்கல்பட்டு வெயில் அந்தப் புழுவுக்கு ஒத்து வராது. ஆனால் காலிச் சாக்கு இங்கேயே நின்றுவிடுவதில்லையே. மாமல்லபுரம், கோவளம் ஓட்டல்களில் சீசன் நாட்களில் காலியாகும் கோணிகள் சாக்கு வியாபாரியிடம் போகின்றன. அவரிடமிருந்து எந்த மண்டிக்கு, எந்த மலைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. சாக்கின் தையலில் தங்கிய ஒரு பிடி மண் போதும்.

இது ஏதோ நீலகிரிக்கு மட்டும் வந்த சோதனை என்றும் நினைக்க வேண்டாம். டார்ஜிலிங் மலையில் உருளைக்கு மரு நோய் வந்தபோது, 1959-இல் மேற்கு வங்கக் கிழங்கு வெளி மாநிலம் போவதற்குத் தடை வந்தது. 2018-இல் இதே நூற்புழு இமாசலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், உத்தராகண்ட் மலைகளிலும் இருப்பது தெரிந்து, அங்கிருந்து விதைக் கிழங்கு வெளியேறுவதை மத்திய அரசு நிறுத்தியது. நாட்டுக்கே விதை கொடுத்துவந்த மலைகள் அவை. நல்ல விலைக்கு விற்க வேண்டிய விதையைச் சமையல் கிழங்கு விலைக்குத் தள்ளிவிட வேண்டிய நிலை விவசாயிக்கு ஏற்பட்டால் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையில் 1869-இல் காப்பிச் செடியில் தென்பட்ட இலைத் துரு நோய், சில பத்தாண்டுகளில் அந்தத் தீவின் காப்பி வியாபாரத்தையே துடைத்தெடுத்தது. தேயிலை அந்த இடத்துக்கு வந்த கதை அதுதான்.

கடையில் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஊட்டிச் சாக்கை உதறும்போது சிமெண்ட் தரையில் உதறி, மண்ணைக் கூட்டி உலர்ந்த குப்பையோடு கட்டிப் போடுங்கள். எருக்குழிக்கோ தோட்டத்துக்கோ போக வேண்டாம். முளைவிட்ட கிழங்கை நறுக்கி மாட்டுக்கும் போடாதீர்கள், பச்சை படர்ந்த கிழங்கும் முளையும் மாட்டுக்கு ஆகாது. காலிச் சாக்கைக் கொதிநீரில் அலசிக் காயவைத்து, வெங்காயத்துக்கோ தேங்காய்க்கோ கடையிலேயே வைத்துக்கொள்ளலாம். மண்டியிலிருந்து வாங்கும்போது பில்லில் 'சமையல் கிழங்கு' என்று எழுதி வாங்குவதும் நல்லது. வெளி மாநிலத்துக்குக் கிழங்கு அனுப்பும் மொத்த வியாபாரிகள், புக்கிங்குக்கு முன் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும்.