முதுகுத் தண்ணீர் எடுத்தால் கால் விளங்காமல் போகுமா?

கடும் காய்ச்சல், வலிப்பு, தலையைக் குனிய முடியாதபடி கழுத்தில் விறைப்பு. இப்படி வரும் குழந்தைக்கு மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் பல குடும்பங்கள் பின்வாங்குகின்றன. ‘முதுகுத் தண்ணி எடுத்தா கை கால் விளங்காமப் போயிடும்’ என்பது நம்மிடையே ஆழ வேரூன்றிய நம்பிக்கை. சிசேரியனுக்கு முதுகில் போடும் மயக்க ஊசி ஆயுசுக்கும் இடுப்பு வலியைத் தரும் என்பதும் இதே பயத்திலிருந்து கிளைத்ததுதான். இதை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது நியாயமல்ல. மூளையின் கட்டளை தண்டுவடத்தின் வழியாகத்தான் காலுக்குப் போகிறது என்பதும், தண்டுவடம் அறுபட்டால் அது மறுபடி கூடுவதில்லை என்பதும் உண்மை. ஊசி இறங்கும் இடத்தில் தண்டுவடம் இருக்கிறது என்ற ஊகம்தான் பிழை.

தண்டுவடம் முதுகெலும்பின் அடி வரைக்கும் போவதில்லை. கருவின் மூன்றாம் மாதம் வரை இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். அதன்பின் எலும்பு வேகமாக வளர, தண்டுவடம் பின்தங்கிவிடுகிறது. பிறந்த குழந்தைக்கு அதன் முனை மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு வரை எட்டும். வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடும். சுமார் 70 செ.மீ. நீளமுள்ள முதுகெலும்புக்குள் தண்டுவடத்தின் நீளம் 45 செ.மீ. அளவுதான். அதற்குக் கீழே இருப்பவை கால், சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றுக்குப் போகும் நரம்பு வேர்கள். மருத்துவர் இரு பக்க இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தடவிப் பார்ப்பது இதற்காகத்தான்: அவற்றை இணைக்கும் கோடு நான்காம் இடுப்பு முள்ளெலும்பை ஒட்டிச் செல்லும். அதற்குச் சற்று மேலோ கீழோ உள்ள இடைவெளியில் ஊசி இறங்குகிறது. பச்சிளம் குழந்தைக்குக் கீழ் இடைவெளியையே தேர்ந்தெடுப்பார்கள். அங்குள்ள வேர்கள் தண்ணீரில் மிதக்கும் நூலிழைகள் போலத் தளர்வாக இருப்பதால், ஊசி முனை நெருங்கினால் பெரும்பாலும் விலகிக்கொள்கின்றன. ஏதாவதொன்றை உரசினால் காலில் சுரீரென்று வலி ஓடும். மருத்துவர் ஊசியின் திசையை மாற்றுவார், வலியும் நின்றுவிடும்.

எடுக்கும் நீர் வற்றிப்போகுமோ என்ற கவலையும் பலருக்கு உண்டு. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து அதிர்ச்சியிலிருந்து காக்கும் அந்த நீர், வளர்ந்த ஒருவரிடம் எந்த நேரத்திலும் 150 மி.லி. அளவு இருக்கும். மூளையின் உள்ளறைகளில் அது ஒரு நாளைக்குச் சுமார் 500 மி.லி. சுரக்கிறது, அதாவது மணிக்கு 20 மி.லி. பரிசோதனைக்குச் சில மி.லி. எடுத்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் அது ஈடாகிவிடும். ஆனால் அந்தச் சில மி.லி. சொல்லும் செய்தியை வேறெந்தச் சோதனையும் அவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. சர்க்கரை குறைந்து, புரதமும் வெள்ளணுக்களும் கூடியிருக்கின்றனவா, எந்த வகை வெள்ளணு மிகுந்திருக்கிறது, கிருமி வளர்கிறதா என்பவற்றைக் கொண்டுதான் பாக்டீரியாவா, காசநோயா, வைரஸா என்று பிரித்தறிகிறார்கள். காசநோய் மூளைக்காய்ச்சலுக்குப் பல மாதங்கள் மருந்து தேவை. மற்றவற்றின் சிகிச்சையே வேறு.

‘ஆனாலும் ஊசி போட்டபின் கால் போனவர்கள் இருக்கிறார்களே’ என்று கேட்கலாம். மிக அரிதாக நடக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. தண்டுவடத்தையும் நரம்பு வேர்களையும் மூடிய உறைகளைச் சுற்றி ரத்தம் கட்டியோ சீழ் பிடித்தோ நரம்புகள் நசுங்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களையும் தட்டணு மிகக் குறைந்தவர்களையும் முன்கூட்டியே விசாரிப்பது இதனால்தான். மூளையில் கட்டியோ பெரும் வீக்கமோ இருந்து அழுத்தம் ஏறியிருந்தால் நீர் எடுப்பது ஆபத்து. அந்தச் சந்தேகம் வந்தால் முதலில் ஸ்கேன் எடுக்கிறார்கள். இவற்றைத் தாண்டி, நீர் எடுத்தபின் கை கால் செயலிழந்ததாகச் சொல்லப்படும் பல நிகழ்வுகளில் காரணம் நோயே. காசநோய் மூளைக்காய்ச்சல் மூளையின் ரத்தக்குழாய்களை அடைத்துப் பக்கவாதத்தை உண்டாக்கக் கூடியது. ஊசி முன்னால், வாதம் பின்னால் என்ற வரிசை மட்டும் குடும்பத்தின் நினைவில் தங்கிவிடுகிறது.

இடுப்பு வலியும் இப்படித்தான். ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கும். பிரசவ வலியைக் குறைக்க முதுகில் மருந்து செலுத்திக்கொண்ட பெண்களையும் அல்லாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நீண்டகால இடுப்பு வலியில் வேறுபாடு தெரியவில்லை. கர்ப்பத்தில் தளரும் மூட்டுகள், மாறும் முதுகு வளைவு, பிறகு குனிந்து நிமிர்ந்து குழந்தையைத் தூக்கும் உழைப்பு ஆகியவற்றுக்கே அதில் பெரிய பங்கு. உண்மையில் ஊசியால் வரக்கூடியது தலைவலி. உறையின் துளை வழியே நீர் கசிவதால் எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் முதுகு மயக்க ஊசியைத் தன்மேல் சோதிக்க முயன்ற ஆகஸ்ட் பியரையே அது பல நாள் படுக்க வைத்தது. மெல்லிய ஊசிகள் வந்தபின் அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. வந்தாலும் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தீரும்.

குடும்பம் தயங்கும் நேரத்துக்கும் விலை உண்டு. உயிரைக் காக்க மருத்துவர் காத்திராமல் நுண்ணுயிர்க்கொல்லியைத் தொடங்கிவிடுவார், அது சரியும்கூட. ஆனால் மருந்து ஏறிய சில மணி நேரத்திலேயே அந்த நீரில் கிருமி வளராமல் போகலாம். மறுநாள் காலையில் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடும்போது, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் வாய்ப்பு பெருமளவு போயிருக்கும்.