விடை எப்படி வந்தது?

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியவர்கள் நம் முன்னோர். ஆயினும், எழுத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசும் அளவுக்கு எண்ணைப் பற்றி நாம் பேசுவதில்லை. கதை படித்தால், "அவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்று வினவுகிறோம். கணக்கிலோ, சரி அல்லது பிழை என்று குறியிட்டு நோட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

உலு கிந்தாவிலுள்ள ஈப்போ ஆசிரியர் கல்விக் கழகம் போன்ற நிலையங்களில் பயில்வோர், பயிற்றுப் பணிக்காகப் பள்ளிகளுக்கு அனுப்பப்படுகின்றனர். பிள்ளைகளோடு கணக்கைப் பற்றி உரையாடுவதே அவர்கள் பழக வேண்டிய கலைகளுள் அரியது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால், மாணவன் ஒருவன் 35 என்று எழுதுகிறான். "பிழை" என்று சொல்வது எளிது. பயிற்சி ஆசிரியை அவ்வாறு சொல்லாமல், "இந்த விடை எப்படி வந்தது, தம்பி?" என்று கேட்கிறார்.

"ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று, டீச்சர்."

அவன் சோம்பேறியல்லன், சிறிய எண்ணைப் பெரிய எண்ணிலிருந்தே கழிக்க வேண்டும் என்று தானே ஒரு விதி வகுத்துக்கொண்டவன். ஆசிரியை ஐந்து பத்து வெள்ளித் தாள்களையும் இரண்டு ஒரு வெள்ளித் தாள்களையும் மேசைமேல் வைத்து, "எனக்கு 27 வெள்ளி கொடு" என்கிறார். இரண்டு பத்துகளைக் கொடுத்தவன், ஏழு ஒற்றைகளுக்குத் தடுமாறுகிறான். பின், "ஒரு பத்தைச் சில்லறையாக மாற்றட்டுமா?" என்று அவனே கேட்கிறான். எஞ்சியது 25. அவன் முகம் மலர்கிறது.

அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோவ் 1970களில் வெளியிட்ட ஆய்வு ஒன்றை ஈண்டு நினைவுகூரலாம். வினா எழுப்பிய ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு வினாடியே காத்திருந்தனர். மூன்று வினாடியேனும் பொறுத்தபோது, பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பேசாதோரும் பேசினர்.

பாடம் முடிந்ததும் சிந்தனை மீட்சி எழுத வேண்டும். "மாணவர்கள் நன்கு புரிந்துகொண்டனர்" என்று ஒரு வரி எழுதினால் யாருக்கும் பயனில்லை. "பின்வரிசைப் பிள்ளை வாய் திறக்குமுன் நானே விடையைக் கூறிவிட்டேன், நாளை காத்திருப்பேன்" என்று எழுதுபவரே நல்லாசிரியராக வளர்வார்.

பெற்றோர்களே! 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்திற்குப் பின் தோட்டங்களில் பள்ளிகள் எழுந்தன. அவற்றுள் பலவற்றில் பயிற்சி பெறாத கிராணிமாரோ, எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளரோதாம் பாடம் சொன்னார்கள். பிள்ளைகள் வாய்ப்பாட்டை ஒப்புவித்தார்கள். ஏன் என்று கேட்கப் பழகவில்லை. வளர்ந்து பால் வெட்டியபோது, நிறுவையில் எழுதப்பட்ட எண்ணையும் சம்பள நாளில் கையில் விழுந்த தொகையையும் எத்தனை பேர் வாய் பேசாது ஏற்றுக்கொண்டோம்! "இந்தக் கணக்கு எப்படி வந்தது?" என்று வகுப்பறையில் கேட்டுப் பழகும் பிள்ளை, நாளை தன் சம்பளச் சீட்டையும் அவ்வாறே கேட்கும்.

ஆகவே, குனோங் ராபாட் சாலையோரத்தில் பம்பளிமாஸ் வாங்கும்போது, மீதி எவ்வளவு என்று பிள்ளையைக் கேளுங்கள். பிழையாகச் சொன்னால் அதட்டாதீர்கள். "எப்படி வந்தது?" என்று அன்போடு கேட்டு, மூன்று வினாடி பொறுத்திருங்கள். பள்ளியில் நாங்களும் அவ்வாறே செய்வோம்.