நீர்வழிப் படமும் நமது கடமையும்

கூட்டுறவு என்பது பணத்தோடும் நூலோடும் நின்றுவிடுவதன்று. அறிவைப் பொதுவாக்குதலும் அதன்பாற்படும். 2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கிய ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்னும் திறந்த உலகப்படம் அத்தகையது. எவரும் அதில் வரையலாம். மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

நீர்வழி வரைதற்கு அதில் சில விதிகள் உண்டு. கோடு நீரோடும் திசையிலேயே செல்லவேண்டும். வாய்க்கால்கள் கூடுமிடத்தில் கோடுகளும் கூடவேண்டும். அப்போதுதான் ஓரிடத்து நீர் எங்குச் சேரும் என்பது படத்தால் விளங்கும். திடகாத்திரமான ஒருவர் தாண்டக்கூடியது ஓடை. அதனினும் அகன்றது ஆறு. வெட்டிய வாய்க்காலுக்கு வேறு குறி உண்டு. கோடையில் வற்றுவதாயின் அதனையும் குறித்தல் வேண்டும். உரிமை காக்கப்பட்ட பிற படங்களைப் பார்த்து வரைதல் கூடாது.

மரநிழலில் மறைந்த ஓடையும் சாலைக்கடியிற் செல்லும் குழாயும் செயற்கைக்கோள் படத்தில் தெரியா. கரையில் நடப்பவருக்கே தெரியும். ஏரியின் கலிங்கிலிருந்து அடுத்த ஏரிக்குச் செல்லும் வாய்க்கால் தூர்ந்தால், அந்நீர் வயலிலும் நெசவாளரின் தறிக்குழியிலும் புகும். ஆதலின் உழவரும் நெசவாளருமாகிய நாம், மழைக்கு முன்னரே அவ்வாய்க்கால் நெடுக நடந்து, தடத்தைக் கைபேசியில் பதிந்து வரைவோமாக. படம் தூர் வாராது. தூர் வாரவேண்டிய இடத்தை யாவருக்கும் காட்டும்.